கெர்னல் கேள்வி பதில்: ஓடாத டாங்கிள், உளறும் டிரைவர்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலில் பாதிக்கு மேல், கருவிகளை இயக்கும் டிரைவர்கள்தான். வந்த கேள்விகளும் அதே விகிதத்தில் இருப்பதால் இந்த இதழ் முழுக்க டிரைவருக்கே. கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் ஒலிக்கிறபடி மேற்கோள்குறிக்குள் தந்திருக்கிறோம்.

கேள்வி: புதிதாக வாங்கிய 4ஜி யூஎஸ்பி டாங்கிள் விண்டோஸில் ஓடுகிறது. லினக்ஸில் யூஎஸ்பி கருவிகளைக் காட்டும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ பட்டியலில் தெரிகிறது, ஆனால் ‘டிடிஒய்யூஎஸ்பி’ என்ற சீரியல் போர்ட் ஒன்றுகூட வரவில்லை. டிரைவர் எழுத வேண்டுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அநேகமாக வேண்டாம். டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு உங்கள் டாங்கிளை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். யூஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும். அந்த ஜோடி தன் பட்டியலில் இருந்தால்தான் டிரைவர் கைகொடுக்கும். 4ஜி மோடம்களின் சீரியல் போர்ட்டுகளைப் பெரும்பாலும் கவனிப்பது ‘ஆப்ஷன்’ என்ற டிரைவர்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். சில டாங்கிள்கள் செருகியதும் சிடி டிரைவ் வேஷம் போடும். விண்டோஸுக்கான மென்பொருள் அதற்குள் இருக்கும். அதை மோடமாக மாற்றும் ‘யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ ஓடியபின் வேஷம் கலையும், பல சமயம் பொருள் எண்ணே மாறிவிடும். மாறிய பிறகு தெரிகிற எண்தான் நமக்கு வேண்டியது.

இனி சோதனை. டிரைவரை ஏற்ற, ரூட்டாக ‘மோட்ப்ரோப் ஆப்ஷன்’ கொடுங்கள். பிறகு ‘/சிஸ்/பஸ்/யூஎஸ்பி-சீரியல்/டிரைவர்ஸ்/ஆப்ஷன்1/நியூ_ஐடி’ என்ற கோப்புக்குள் இரண்டு எண்களையும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு ‘எக்கோ’ செய்யுங்கள். ஆப்ஷனை ஒட்டியிருக்கும் 1 அச்சுப்பிழை அல்ல. யூஎஸ்பி-சீரியல் பக்கம் அதன் பெயரே அதுதான். இப்போது மூன்று, நான்கு போர்ட்டுகள் முளைத்தால் ஒவ்வொன்றாக மினிகாம் என்ற டெர்மினல் புரோகிராமில் திறந்து ‘ஏடி’ என்று தட்டுங்கள். ‘ஓகே’ என்று பதில் வருவது கட்டளைப் போர்ட். ஒன்று ஜிபிஎஸ் வரிகளைக் கொட்டலாம். டயக்னாஸ்டிக் போர்ட் வாயே திறக்காது. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இதில் ஒரு பொறி உண்டு. ‘நியூ_ஐடி’ வழியாக எண்ணைக் கொடுத்தால், வேறு டிரைவர் பிடிக்காமல் விட்ட இன்டர்ஃபேஸ்களை (டாங்கிளுக்குள் தனித்தனி வேலைக்கான பகுதிகளை) எல்லாம் ‘ஆப்ஷன்’ பிடித்துக்கொள்ளும். இன்டர்நெட்டுக்கான ‘க்யூஎம்ஐ’ இன்டர்ஃபேஸும் அதில் மாட்டிக்கொண்டால் சீரியல் வரும், நெட் வராது. அதனால்தான் பேட்ச், அதாவது கெர்னலுக்கு அனுப்பும் திருத்தம், எழுதும்போது வெறும் எண் ஜோடியைச் சேர்க்கக் கூடாது. இன்டர்ஃபேஸ் வகுப்பு 255, அதாவது தயாரிப்பாளரின் சொந்த வகை, என்றும் சேர்த்துப் பொருத்த வேண்டும். நெட்டுக்கானதும் அதே வகுப்பில் இருந்தால் அதன் எண்ணை ‘ஆர்எஸ்விடி’ மேக்ரோவில் போட்டு ஒதுக்கிவைக்க வேண்டும். பேட்ச்சுடன் போகும் விளக்கமான கமிட் செய்தியில் எந்த இன்டர்ஃபேஸ் எதற்கு என்று ஒரு வரி, அதன்கீழ் ‘யூஎஸ்பி-டிவைசஸ்’ தரும் விவரம் முழுவதும். அது இல்லாமல் அனுப்பினால் அந்தப் பகுதியின் பொறுப்பாளரான மெயின்டெய்னர் கேட்டு வாங்குவார். ஒரு சுற்று வீண்.

‘நியூ_ஐடி’யில் கொடுத்தது ரீபூட்டுடன் போய்விடும். பேட்ச் ஏறினால் எல்லோருக்கும் நிலைக்கும். எண் சேர்க்கும் பேட்ச்களை, வெளியான கெர்னல்களுக்குத் திருத்தம் தரும் ஸ்டேபிள் பதிப்புகளிலும் ஏற்பது வழக்கம், அதனால் பழைய கெர்னல் வைத்திருப்பவர்களுக்கும் போய்ச் சேரும்.

கேள்வி: ஒரு வரி மாற்றத்துக்குக் கெர்னல் முழுவதையும் கம்பைல் செய்யவேண்டுமா? என் லேப்டாப் பாதி நாள் எடுக்கிறது. (வாசகி, கோவை)

பதில்: ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்று கொடுங்கள். இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை (தனியாக ஏற்றி இறக்கும் கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும். நேரம் பல மடங்கு குறையும். அதைக் கொடுப்பதற்கு முன் பென்டிரைவ், புளூடூத், பிரிண்டர் என்று நீங்கள் பயன்படுத்தும் எல்லாவற்றையும் செருகிவைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஏறாத டிரைவர் புதிய கெர்னலில் இருக்காது. டெபியன், உபுண்டுவில் சான்றிதழ் கோப்பு ஒன்றைக் காணோம் என்று கம்பைல் நின்றால், கான்ஃபிக்கில் ‘சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்’, ‘ரிவோகேஷன் கீஸ்’ இரண்டையும் வெற்று மேற்கோளாக்குங்கள். ஒருமுறை முழுதாக முடிந்தபின் ‘மேக் எம்=டிரைவர்ஸ்/யூஎஸ்பி/சீரியல்’ என்று அந்த ஃபோல்டரை மட்டும் கட்டலாம்.

கேள்வி: முதல் பேட்ச் அனுப்ப ஆசை. நிரலின் நடையைச் சோதிக்கும் ‘செக்பேட்ச்’ ஓட்டினால் பழைய டிரைவர்களில் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வருகிறது. அவற்றைச் சரிசெய்து அனுப்பலாமா? (பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

பதில்: ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிரைவரில் இடைவெளியும் டேப்பும் சரிசெய்து அனுப்பினால் பல மெயின்டெய்னர்கள் முகம் சுளிப்பார்கள். கருவி உங்களிடம் இல்லை, அவரிடமும் இல்லாமல் இருக்கலாம். எதுவும் உடையவில்லை என்று யார் சொல்வது? பழகுவதற்கு ஏற்ற இடம், இன்னும் தரத்துக்கு வராத டிரைவர்களுக்காக 2008 முதல் இருக்கும் ‘டிரைவர்ஸ்/ஸ்டேஜிங்’ ஃபோல்டர். அங்கே ஒவ்வொரு டிரைவருக்கும், செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் ‘டூடூ’ கோப்பு இருக்க வேண்டும். முதலில் அதைப் படியுங்கள். ரியல்டெக் வைஃபை சிப் ஒன்றுக்கான ‘ஆர்8188இயூ’ டிரைவரில் மலைபோல் துப்புரவுப் பேட்ச்கள் ஏறின. கடைசியில் அதே சிப்பை ஒழுங்கான டிரைவரான ‘ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ’ கவனிக்கத் தொடங்கியதும், 2023-ல் 6.3 பதிப்பில் முழு ஃபோல்டரும் நீக்கப்பட்டது.

‘செக்பேட்ச்’ வெறும் பெர்ல் ஸ்கிரிப்ட் என்பதையும் மறக்க வேண்டாம். அது எழுத்தைத்தான் பார்க்கிறது, சூழலைப் பார்ப்பதில்லை. ‘யூடிலே’ இருக்கும் இடத்தில் ‘யூஸ்லீப்_ரேஞ்ச்’ போடலாமே என்று யோசனை சொல்லும். முதலாவது சிபியூவைச் சுற்றவிட்டுக் காத்திருக்கிறது; இரண்டாவது தூங்கப் போகிறது. அந்த வரி ஸ்பின்லாக் என்ற பூட்டுக்குள்ளோ, கருவியின் அழைப்புக்குப் பதில் சொல்லும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ இருந்தால் தூங்கவே கூடாது. மாற்றினால் கம்பைல் ஆகும், பல நாள் ஓடவும் ஓடும், ஒருநாள் ‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’ என்று கத்தும். அதனால் மாற்றும் முன் அந்த ஃபங்ஷனை யார் யார் அழைக்கிறார்கள் என்று மேலே மேலே தேடிப் போங்கள். சோதனைக் கெர்னலில் ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’ தேர்வைப் போட்டுவைத்தால் தவறு முதல் ஓட்டத்திலேயே பிடிபடும்.

காத்திருப்பு அளவுகளைத் தெரிந்துவைத்துக்கொள்வதும் நல்லது. சுமார் 10 மைக்ரோசெகண்டுக்குள் என்றால் ‘யூடிலே’. அதற்கு மேல் 20 மில்லிசெகண்ட் வரை ‘யூஸ்லீப்_ரேஞ்ச்’. அதைத் தாண்டினால் ‘எம்ஸ்லீப்’. ‘எம்ஸ்லீப்’புக்கு 1 என்று கொடுத்து 1 மில்லிசெகண்டில் எழுந்துவிடும் என்று நம்பாதீர்கள், டிக் வேகம் நொடிக்கு 100 என்று அமைத்த கெர்னலில் 20 மில்லிசெகண்ட் வரைகூட உறங்கும்.

கேள்வி: பழைய யூஎஸ்பி டிவி டியூனர். 4.4 கெர்னலில் ஓடியது. இப்போது புதிய கெர்னலில் ‘டிரான்ஸ்ஃபர் பஃபர் நாட் டிஎம்ஏ கேபபிள்’ என்று திட்டி, மைனஸ் 11 பிழையோடு நின்றுவிடுகிறது. கெர்னல் கெடுத்ததா, டிரைவரா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: குற்றம் டிரைவர் மேல். ஆனால் அது பல ஆண்டுகள் தண்டனையில்லாமல் தப்பித்தது.

ஃபங்ஷனுக்குள் சில பைட் நீள வரிசையை அறிவித்து, அதன் முகவரியை நேராக ‘யூஎஸ்பி_கண்ட்ரோல்_மெசேஜ்’ ஃபங்ஷனுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த வரிசை இருப்பது கெர்னல் ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன்களின் தற்காலிக மெமரியில். ஸ்டாக்கில் இருக்கும் எதையும் டிஎம்ஏ-வுக்கு, அதாவது சிபியூ இல்லாமல் நேராக மெமரியைத் தொடும் பரிமாற்றத்துக்கு, கொடுக்கக் கூடாது என்பது பழைய விதி. ஆனால் அன்று ஸ்டாக், நேர்வரிசையாக மேப் ஆன மெமரியில் இருந்தது. முகவரியிலிருந்து ஒரு மாறாத எண்ணைக் கழித்தாலே உண்மையான மெமரி இடம் கிடைத்துவிடும். எனவே விதியை மீறிய டிரைவரும் ஓடியது. 2016 டிசம்பரில் வந்த 4.9 பதிப்பில், 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு ஸ்டாக்கை, சிதறிய மெமரிப் பக்கங்களை ஒட்டிக் காட்டும் ‘வீமேலாக்’ பகுதிக்கு மாற்றும் வசதி வந்தது. ஸ்டாக் நிரம்பி வழிந்தால் பக்கத்து மெமரியை ஓசையில்லாமல் அரிக்காமல், காவல் பக்கத்தில் முட்டி உடனே தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. அந்தக் கழித்தல் கணக்கு அங்கே செல்லாது. டிவிபி எனும் டிஜிட்டல் டிவி டியூனர் டிரைவர்கள் பல ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன. பிற்பாடு ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்டன.

உங்களுடையது விடுபட்டிருந்தால் திருத்தம் இப்படி. எப்போதாவது ஒருமுறை நடக்கும் பரிமாற்றம் என்றால், 5.10 முதல் ‘யூஎஸ்பி_கண்ட்ரோல்_மெசேஜ்_சென்ட்’, ‘ரிசீவ்’ என்ற இரண்டு இருக்கின்றன. தாங்களே பாதுகாப்பான பஃபருக்கு நகலெடுத்துக்கொள்ளும், ஸ்டாக்கிலிருந்து கொடுத்தாலும் பாதகமில்லை. ஆனால் பழையது பைட் எண்ணிக்கையைத் திருப்பும், இவை வெற்றி என்றால் 0 திருப்பும். ‘விடை நீளத்துக்குச் சமமா’ என்று கீழே எழுதியிருக்கும் சோதனையை மாற்ற மறந்தால், சரியாக ஓடிய பரிமாற்றம் எல்லாம் பிழை என்று ஆகிவிடும்.

அடிக்கடி நடக்கும் பரிமாற்றமானால் கருவி இணையும்போது ஓடும் ‘ப்ரோப்’பில் ஒருமுறை ‘கேமேலாக்’ மூலம் பஃபரை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் அடுத்த பள்ளம்: ஸ்டாக் பஃபர் அழைப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி, இது எல்லோருக்கும் பொது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் மியூடெக்ஸ் பூட்டைப் போட்டே ஆக வேண்டும். அந்த மியூடெக்ஸை முதல் பரிமாற்றத்துக்கு முன்பே தயார் செய்திருக்கவும் வேண்டும். பஃபரை டிரைவரின் ஸ்ட்ரக்சருக்குள்ளேயே ஒரு வரிசையாகச் செருகாமல் தனியாக ஒதுக்குங்கள். சில ஏஆர்எம் போர்டுகளில் ஒரே கேஷ் லைனில் இருக்கும் அண்டை மாறிகளை டிஎம்ஏ பாழாக்கும். ‘ஸ்டேட்டிக்’ என்று அறிவித்துத் தப்பிக்கலாமா என்று கேட்பீர்கள். முடியாது, மாட்யூலின் டேட்டாவும் வீமேலாக் பகுதியில்தான் ஏறுகிறது.

கேள்வி: எங்கள் போர்டு டிரைவரில் எல்லாம் ‘டெவ்எம்’ ஃபங்ஷன்கள். டிரைவர் வாங்கிய மெமரி, இன்டரப்ட் போன்றவற்றைத் தானாக விடுவிக்கும் என்கிறார்கள். ஆனாலும் மாட்யூலை இறக்கும்போது பத்தில் ஒருமுறை சாகிறது. (மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: ‘எல்லாம்’ என்ற சொல்லைச் சரிபாருங்கள். இன்டரப்ட் மட்டும் ‘டெவ்எம்’, பஃபரையோ கிளாக்கையோ டிரைவரை இறக்கும்போது ஓடும் ‘ரிமூவ்’ ஃபங்ஷனில் கையால் விடுவிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறோம்.

வரிசை இதுதான்: முதலில் ‘ரிமூவ்’ முழுதாக ஓடும். அது முடிந்த பிறகே ‘டெவ்எம்’ தன் பட்டியலைக் கடைசியில் வாங்கியதிலிருந்து பின்னோக்கி விடுவிக்கும். இடைப்பட்ட கணத்தில் இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்போது ஒன்று வந்தால் ஹேண்ட்லர் விடுவித்த மெமரியைத் தொடும், அல்லது கிளாக் நின்ற ரெஜிஸ்டரைப் படிக்கப் போய் போர்டே தொங்கும். அந்தக் கணம் சிறியது என்பதால்தான் பத்தில் ஒன்று.

தீர்வு இரண்டில் ஒன்று. எல்லாவற்றையும் ‘டெவ்எம்’ ஆக்கி, இன்டரப்டைக் கடைசியில் கேளுங்கள்; கிளாக்குக்கு ‘டெவ்எம்_கிளாக்_கெட்_எனேபிள்ட்’ இருக்கிறது, சொந்த வேலைகளுக்கு ‘டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட்’. அல்லது இன்டரப்டைச் சாதாரண ‘ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ’வில் வாங்கி, ‘ரிமூவ்’வில் முதல் காரியமாக ‘ஃப்ரீ_ஐஆர்க்யூ’ செய்யுங்கள். பாதி இது, பாதி அது என்று கலந்தால்தான் வம்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ‘டெவ்எம்’ மெமரியின் ஆயுள் கருவி கட்டுண்டிருக்கும் வரை மட்டும். யாரோ திறந்துவைத்திருக்கும் டிவைஸ் கோப்பின் ஆயுள் அல்ல. யூஎஸ்பியைப் பிடுங்கிய பின்னும் ஒரு புரோகிராம் கோப்பை மூடாமல் இருக்கலாம். அந்தத் தரவுக்கு, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் ‘கேரெஃப்’தான் வழி.

சோதிக்க: மெமரித் தவறுகளைப் பிடிக்கும் ‘கேசன்’ போட்ட கெர்னலில், டிரைவரைக் கருவியிலிருந்து பிரிக்கும் ‘அன்பைண்ட்’, சேர்க்கும் ‘பைண்ட்’ இரண்டையும் லூப்பில் நூறுமுறை ஓட்டுங்கள், கருவியில் டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போதே. சும்மா இருக்கும் கருவியில் ஆயிரம் முறை ஓட்டியும் பயனில்லை.

கேள்வி: போர்டு விற்ற நிறுவனம் தந்த டிரைவர் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் கம்பைல் ஆக மறுக்கிறது. ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அப்ளிகேஷன்கள் பார்க்கும் பக்கத்தை உடைக்க மாட்டோம் என்பதுதான் லினக்ஸின் வாக்குறுதி; உள்பக்கத்துக்கு எந்த வாக்குறுதியும் இல்லை. 4.15-ல் ‘செட்டப்_டைமர்’ நீக்கப்பட்டு ‘டைமர்_செட்டப்’ மட்டும் நின்றது. 6.11-ல், போர்டிலேயே பதிந்த கருவிகளுக்கான பிளாட்ஃபார்ம் டிரைவரின் ‘ரிமூவ்’ எதையும் திருப்பக் கூடாது என்று ஆனது. திருப்பிய பிழை எதையும் தடுக்கவில்லை, மெமரியைக் கசியவிட மட்டும் உதவியது. இப்படி மாற்றுபவர் கெர்னல் மரத்துக்குள் இருக்கும் டிரைவர்கள் எல்லாவற்றையும் தாமே திருத்துவார். வெளியே இருப்பது அவர் கண்ணில் படாது. வெளி டிரைவர்களுக்கான ‘டிகேஎம்எஸ்’, கெர்னல் மாறும்போது தானாக மறுபடி கம்பைல் செய்யும், திருத்தாது.

கேள்வி: பேட்ச்சின் கையொப்ப வரியில் இனிஷியல் போடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: போடலாம். ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி 2004 முதல் இருக்கிறது. ‘இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு’ என்ற உறுதிமொழி அது, அநாமதேயமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நம் ஊர்ச் சிக்கல் வேறு: மெயிலில் இனிஷியல் பின்னால், கையொப்பத்தில் முன்னால் என்று இருந்தால் இரண்டும் வேறு ஆள் என்று ‘செக்பேட்ச்’ எச்சரிக்கும். ‘கிட்’ அமைப்பிலும் மெயிலிலும் ஒரே மாதிரி வைத்துவிடுங்கள்.

கேள்வி: பேட்ச் அனுப்பி மூன்று வாரம். பதிலே இல்லை. (வாசகர், மதுரை)

பதில்: சென்றதா என்று முதலில் பாருங்கள். எச்டிஎம்எல் மெயில், கெர்னல் அஞ்சல் பட்டியலுக்குள்ளேயே நுழையாது. பிரவுசரில் ஒட்டி அனுப்பினால் டேப்கள் ஸ்பேஸாகிப் பேட்ச் பொருந்தாது. ‘கிட் சென்ட்-இமெயில்’ மூலம் முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைக் ‘கிட் ஏஎம்’ கொண்டு நிரலில் பொருத்திப் பாருங்கள். ‘கெட்_மெயின்டெய்னர்’ ஸ்கிரிப்ட் காட்டிய எல்லோருக்கும் போயிருக்க வேண்டும். மெயின்டெய்னர்ஸ் கோப்பில் அந்த டிரைவரின் நிலை ‘ஆர்ஃபன்’ என்று இருந்தால் பார்க்க ஆளே இல்லை. அந்தத் துணை அமைப்பின் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். நீங்கள் அனுப்பியது, புதிய மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோவில் விழுந்திருந்தால், அதன் முடிவில் ஆர்சி1 என்ற சோதனைப் பதிப்பு வரும்வரை பொறுங்கள். அப்புறம், தலைப்பில் ‘ரீசென்ட்’ சேர்த்து அதையே மறுபடி அனுப்பலாம். கருவி உங்களிடம் இருக்கிறது, இன்ன மாடலில் சோதித்தது என்று கமிட் செய்தியில் எழுதியிருக்கிறீர்களா? இல்லை என்றால் இப்போது சேர்த்து, ‘வி2’ என்று அனுப்புங்கள். முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை கமிட் செய்தியை முடிக்கும் மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள், மேலே அல்ல.