மாத்திரைய விட்டா தூக்கமே வராதா?

கேள்வி: வயசு 52. வீட்டுக்காரர் தவறினப்போ டாக்டர் தூக்கத்துக்கு அல்பிரஸோலம் 0.5 மி.கி. மாத்திரை எழுதிக் குடுத்தார். ரெண்டு வருஷமா பழைய சீட்டக் காட்டியே வாங்கிப் போடுறேன். பொண்ணு "அடிக்ட் ஆயிட்டம்மா"ன்னதும் ஒரே நாள்ல நிறுத்துனேன். மூணு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, படபடப்பு, கை நடுக்கம், திரும்பப் போட்டுட்டேன். 9 மணிக்கே படுத்தும் 2 மணி வரைக்கும் கடிகாரத்தத்தான் பாக்குறேன். ஆயுசுக்கும் இதானா? (கரூர் வாசகி)

பதில்: அக்கா, அந்த மூணு ராத்திரிய வச்சு ஆயுசுக்கும்னு முடிவு பண்ணாதீங்க. தினம் போட்ட மாத்திரைய சடார்னு நிறுத்துனா தூக்கம் முன்னவிட மோசமாத்தான் கெடும், படபடப்பு நடுக்கம் எல்லாம் மருந்து விலகுறதால வர்றது, சிலருக்கு வலிப்பே வந்துடும், அதனால தயவுசெஞ்சு இன்னொரு தடவ இப்படி நிறுத்திடாதீங்க. பொண்ணுகிட்ட சொல்லுங்க, உடம்பு மருந்துக்குப் பழகிப்போறது வேற, போதைக்கு அலையுறது வேற. அந்த வார்த்தையப் படிச்சப்போ எனக்கே வலிச்சுது.

ஆனா ரெண்டு வருஷமா எந்த டாக்டரும் உங்களப் பாக்கல, அதான் என் கவலை. மனநல டாக்டரப் பாருங்க, வாரக்கணக்குல, தேவைப்பட்டா மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா அளவக் குறைப்பாங்க, நீங்களா வீட்ல பாதியா உடைச்சுப் போட வேணாம். கூடவே தூக்கத்துக்கான சிபிடி சிகிச்சை கேளுங்க, மாத்திரை இல்லாம தூக்கப் பழக்கத்தையும் அதப் பத்தின நினைப்பையும் மாத்துற சிகிச்சை அது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல இதத்தான் குடுக்கணும்னு அமெரிக்க டாக்டர்களோட சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016லயே சொல்லிருச்சு.

அதுல முக்கியமானது, தூக்கம் கண்ணச் சொக்குற வரைக்கும் படுக்கக் கூடாது, படுத்து 20 நிமிஷம் போல ஆகியும் வரலன்னா எழுந்து வெளிய வந்துடணும். முழிச்சுக்கிட்டே கிடந்தா பாயப் பாத்தாலே மூளை முழிச்சுக்கும். எங்கம்மா கடிகாரத்த சுவர் பக்கம் திருப்பி வச்சுட்டு, ஹால்ல மங்கலான வெளிச்சத்துல காஞ்ச துணிய மடிச்சுக்கிட்டு இருப்பாங்க, கொட்டாவி வந்தாத்தான் உள்ள போவாங்க, எவ்ளோ மோசமான ராத்திரியா இருந்தாலும் காலைல அஞ்சரைக்கு எழுந்துடுவாங்க, பகல்ல படுக்க மாட்டாங்க. மொத ரெண்டு வாரம் அழுதாங்க, ஆறேழு வாரத்துல சரியாச்சு.

டாக்டர்கிட்ட போறப்போ மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. ராத்திரி குப்புனு வேர்க்குதா, குறட்டை இருக்கா, சாயங்காலம் காபி குடிக்கிறீங்களா எல்லாம் சொல்லுங்க, வீட்டுக்காரர் நினைப்பு வந்து முழிப்பு தட்டுதுன்னா அதையும் மறைக்காதீங்க. நடுராத்திரில மனசு ரொம்ப பாரமாயிட்டா 14416க்குப் போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.