கூரையை வெட்டிய மெர்குரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் பிளாஸ்டிக் மாடல் கிட் பக்கம் வந்தேன். இரண்டு ஜப்பான் கார்களைக் கையேட்டில் சொன்னபடியே கட்டி முடித்தாயிற்று. போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த என் மைத்துனர் 1949 மெர்குரி காரின் கிட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 1/25 அளவு. அதன் கூரையை இறக்கி, அந்தக் காலத்தில் சொந்தக்காரர் ஆசைப்படி வெட்டி ஒட்டி உருமாற்றிய கஸ்டம் கார் மாதிரி செய்ய ஆசை. எல்லாத் தூண்களிலும் நான்கு மில்லிமீட்டர் அறுத்து எடுத்தேன். இப்போது கூரையை முன்னால் பொருத்தினால் பின்னால் இடைவெளி விழுகிறது, பின்னால் பொருத்தினால் முன்னால் விழுகிறது. படம் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு செய்தேன்?

இதைப் பார்த்த எங்கள் வாட்ஸ்அப் குழு நண்பர் ஒருவர், "நல்ல கிட்டைப் பாழாக்கிவிட்டீர்கள். இருப்பதை இருக்கிறபடி கட்டுவதுதான் மாடலிங், மற்றதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு" என்கிறார். என் மனைவியோ இரண்டுமே சின்னப்பிள்ளை விளையாட்டுதான் என்கிறாள். உங்கள் கருத்து என்ன?

இன்னொன்று. டிக்கி மூடியில் மட்டும் பச்சை ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் வெள்ளை பூத்துவிட்டது. பெயின்ட் பழசாகிவிட்டதா?

அன்புடன்,
க., வேளச்சேரி

அன்புள்ள க.,

முதலில் கூரை. நான்கு மில்லிமீட்டர் சரியான கணக்குதான். நிஜக் காரில் நான்கு அங்குலம் எடுத்தால் உங்கள் அளவில் அவ்வளவுதான் வரும். எல்லாத் தூண்களிலும் ஒரே அளவு எடுத்ததுதான் சிக்கல். காரைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். முன்கண்ணாடி பின்பக்கமாகச் சாய்கிறது, பின்கண்ணாடி முன்பக்கமாகச் சாய்கிறது. மேலே போகப் போகக் குறுகும் வடிவம் அது. கவிழ்த்து வைத்த பக்கெட்டின் நடுவில் ஒரு வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு மேல்பாதியைத் திரும்ப வைத்தால் கீழ்விளிம்போடு சேருமா? கூரை கீழே வந்ததும் அது சேர வேண்டிய இடங்களுக்கு நடுவே தூரம் கூடிவிடுகிறது, கூரையின் நீளம் மட்டும் பழைய நீளமாகவே இருக்கிறது.

இதே தொல்லை இரும்பில் வேலை செய்தவர்களுக்கும் இருந்தது. கஸ்டம் கார்களில் மிகவும் பேர்பெற்றது, கலிபோர்னியாவில் சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் பாப் ஹிரோஹட்டா என்ற இளைஞருக்காகச் செய்யப்பட்ட 1951 மெர்குரி. 2022-இல் ஏலத்தில் சுமார் இருபது லட்சம் டாலருக்குப் போன கார். அதில் கூரையை முன்னால் நான்கு அங்குலமும் பின்னால் ஏழு அங்குலமும் இறக்கினார்கள். நடுத்தூணையே எடுத்துவிட்டார்கள். பின்பக்கம் கூடுதலாக இறங்கியதால்தான் கூரை தொப்பி வைத்த மாதிரி நிற்காமல் டிக்கி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிறது. 1951-இன் உடல் உங்களுடையதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது, ஆனாலும் இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இது. பின்கண்ணாடியை அதன் சட்டத்தோடு தனித்துண்டாக அறுத்து எடுங்கள். முன்தூண்களில் கூரையை ஒட்டி, நன்றாக இறுகவிடுங்கள். அப்புறம் கூரையின் பின்விளிம்பைக் கீழே இறக்கி, பின்கண்ணாடித் துண்டை இன்னும் படுக்கவைத்துப் பொருத்துங்கள். அப்போதும் நீளம் பற்றாவிட்டால் கூரையைக் குறுக்கே இரண்டாக அறுத்து நடுவில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சேர்க்க வேண்டியதுதான். அறுப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டிய அகலத்துக்கு மாஸ்கிங் டேப்பைக் கத்தரித்துத் தூணில் ஒட்டிக்கொள்ளுங்கள், டேப்பின் இரண்டு ஓரமும் வெட்டுக்கோடு. ரம்பத்தை விட, கத்தியின் முதுகால் ஒரே கோட்டில் திரும்பத் திரும்பக் கீறுவது இவ்வளவு மெல்லிய தூணுக்கு நல்லது. அவசரப்பட்டால் தூண் முறியும்.

இடைவெளியை அடைக்கக் கடைப் பட்டி வேண்டாம். அது காய்ந்து சுருங்கும். பெயின்ட் எல்லாம் அடித்து முடித்துச் சில வாரம் கழித்து, பளபளக்கிற கூரையில் ஒட்டின இடம் மட்டும் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். டிங்கர் கடைக்காரரிடம் கேட்டால் இதைப் பற்றி அரைமணி நேரம் புலம்புவார். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் அந்த பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறதே, ஸ்ப்ரூ, அதைக் குப்பையில் போடாமல் வைத்திருக்கிறீர்களா? பொடிப்பொடியாக நறுக்கி, திரவப் பசை கொஞ்சம் மிச்சமிருக்கும் பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். மாடல் பசை உண்மையில் பசையே இல்லை, பாலிஸ்டைரீனைக் கரைக்கும் கரைப்பான். ஓர் இரவில் ஸ்ப்ரூ குழம்பாகிவிடும். அதை இடைவெளியில் தடவினால் கரைப்பான் பறந்துபோய், காரின் உடம்பு எந்த பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக் அங்கே மிஞ்சும். இதுவும் வற்றும், அதனால் கொஞ்சம் மேடாகவே வையுங்கள். மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் நாள்கணக்கில் காய்ந்த பிறகுதான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். விரல்நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை.

பழைய கண்ணாடி இனி பொருந்தாது. அதை வெட்டப் போகாதீர்கள், விரிசல் விடும். புதுச் சட்டைப் பெட்டியின் மேலே இருக்கும் தெளிவான பிளாஸ்டிக் தாள் போதும். ஃபெவிகாலால் ஒட்டுங்கள். ஃபெவிக்விக்கின் ஆவி பட்டால் கண்ணாடி பனிமூட்டமாகிவிடும்.

இனி உங்கள் நண்பர். "இருப்பதை இருக்கிறபடி" என்கிறாரே, கிட்டுக்குள் அப்படி என்ன இருக்கிறது? உங்கள் மெர்குரியின் உடல் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நிஜக் காரின் அளவில் அது இரண்டரை சென்டிமீட்டர் தகடு! பீரங்கி வண்டிக்குத்தான் அப்படிப் போடுவார்கள். பெயின்டின் கனம், மெட்டாலிக் துகளின் பருமன், பானட் விளிம்பின் இடைவெளி என்று எதுவும் 25-ஆல் வகுபடாது. அவர் கட்டுவதும் ஒரு தேர்வுதான், எதைச் சரியாகக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்று. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜப்பானின் டாமியா நிறுவனம் தன் 1/12 போர்ஷே 934 (911-இன் பந்தய வடிவம்) கிட்டுக்காக நிஜமாகவே ஒரு போர்ஷே 911-ஐ வாங்கிக் கழற்றிப் பார்த்தது. 1976-இல் வந்த கிட் அது. அப்படி உருவானதைக் கையேட்டின்படி கட்டுவதில் ஒரு மரியாதை இருக்கிறது.

ஆனால் அமெரிக்கக் கார் கிட்டின் கதை வேறு. மிச்சிகனில் இருந்த ஏ.எம்.டி. நிறுவனம் முதலில் கார் விற்பனையகங்களுக்காகச் சின்ன மாடல்களைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. புதுக் கார் என்ன நிறத்தில், என்ன வடிவத்தில் வருகிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்ட. 1958-இல் அந்த அச்சுகளை வைத்தே பிரித்த நிலையில் கிட்டாக விற்க ஆரம்பித்தார்கள். பெட்டியின் மேலேயே "ஒன்றில் மூன்று" என்று போட்டிருக்கும்: ஷோரூமில் வந்தபடி கட்டலாம், கஸ்டமாகக் கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம், மூன்றுக்கும் பாகங்கள் உள்ளே. காரை மாற்று என்று கம்பெனியே பையனிடம் சொல்லிக் கொடுத்த பண்டம் அது. அதைப் போய் மாற்றாதே என்றால் எப்படி?

அதற்காக எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு ஒரே ஒரு கறார் உண்டு: அந்த வண்டி ஓட வேண்டும். நிஜத்தில் ஓடப்போவதில்லை, தெரியும். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு, சாவியைப் போட்டால் கிளம்பும் என்று தோன்ற வேண்டும். 1968-இல் மோனோகிராம் நிறுவனம் ரெட் பேரன் (Red Baron) என்று ஒரு கிட் வெளியிட்டது. டாம் டேனியல் வரைந்தது. பழைய ஃபோர்டு டி-மாடல் கார் மாதிரி ஒரு சின்ன உடம்பு, மேலே கூரைக்குப் பதிலாகப் பிரம்மாண்டமான ஜெர்மன் ராணுவ ஹெல்மெட், முன்னால் முதல் உலகப்போர் விமானத்தின் ஆறு சிலிண்டர் மெர்சிடீஸ் எஞ்சின். சுத்தக் கிறுக்குத்தனம். ஆனால் அதைப் பார்த்து ஒருவர் முழு அளவில் நிஜக் காரே செய்துவிட்டார்! விமான எஞ்சினுக்குப் பதில் போன்டியாக் எஞ்சின் வைத்தார்கள், ஹெல்மெட் அப்படியே இருந்தது. கிறுக்குத்தனத்துக்கு அடியில் சேஸிஸும் அச்சும் ஸ்டியரிங்கும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததால்தான் அது நடந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் கண்ணோடு உங்கள் படத்தைப் பார்த்தேன். கூரையை விட எனக்கு உறுத்தியது பின்சக்கரம். காரைத் தாழ்த்துவதற்காக உடம்பை அப்படியே கீழே அழுத்தியிருக்கிறீர்கள். டயரின் மேல்பகுதி ஃபெண்டரை, அதாவது மட்கார்டை, முட்டுகிறது. இந்த வண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரைக் கூடத் தாண்டாது. நிஜ வண்டியில் என்ன செய்வார்கள் தெரியுமா? பின்அச்சு மேலும் கீழும் ஆட வேண்டுமே, அதற்காக அச்சுக்கு நேர் மேலே சேஸிஸை அரைவட்டமாக வெட்டி, அந்த இடத்தைத் தடித்த தகடு வைத்து வலுப்படுத்துவார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். சேஸிஸில் அரைவட்டம் வெட்டி, அச்சை மேலே ஏற்றி, அதற்கு இடம்விட்டுப் பின்சீட்டின் தரையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். காரைத் திருப்பிப் பார்த்தால்தான் இந்த வேலை தெரியும். திருப்பிப் பார்க்கிறவர்கள் உண்டு, கவலைப்படாதீர்கள். ஓட்டுநர் சீட்டையும் மறக்க வேண்டாம். கூரை இறங்கியிருக்கிறது, தலை இடிக்கும். சீட்டின் அடியைத் தேய்த்து இறக்குங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என்னிடம் உள்ள பதில் சின்னது. ஜெனரல் மோட்டார்ஸ் 1930 முதல் 1968 வரை ஃபிஷர் பாடி என்ற தன் பிரிவின் பெயரில் பையன்களுக்கு மாடல் செய்யும் போட்டி நடத்தியது. முதலில் ராஜா காலத்துக் குதிரை வண்டி, பிறகு அவரவர் கற்பனையில் தோன்றிய கார். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான பணம். 1947-இல் அதில் வென்ற சக் ஜோர்டன் என்ற பையன் பின்னாளில் அதே கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவரானார். இதைச் சொல்லிப் பாருங்கள். "அதுக்கு உங்களுக்கு வயசு தாண்டிடுச்சே" என்று அவர் சொன்னால் நான் பொறுப்பில்லை.

கடைசியாகப் பெயின்ட். டப்பாவில் குறையில்லை, வேளச்சேரியில் ஐப்பசி மாதத்தில் லாக்கர் (lacquer) வகைப் பெயின்ட் அடித்ததுதான் குறை. அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும். மழைக்காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பெயின்டின் மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது, அதுதான் வெள்ளை. தேய்த்து எடுக்க வேண்டாம். வெயில் அடிக்கிற நாளில், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்த தின்னரை ஏர்பிரஷ்ஷில் மிக மெல்லியதாக ஒரு கை ஊதுங்கள், பெரும்பாலும் பச்சை திரும்பிவிடும். ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் துகள் பொடிசாக விழும். கைபொறுக்கும் சூடு போதும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது டூவீலர் கடையில் வாங்கிய டப்பா என்றால் பிரைமர் இல்லாமல் உடம்பில் அடிக்கவே கூடாது. டிக்கி மூடி தப்பியது அதிர்ஷ்டம். பாலிஸ்டைரீன் மேல் நேராகப் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும், அதற்கு வைத்தியம் கிடையாது.

கூரை காய எப்படியும் நாளாகும், அதற்குள் மழையும் விடட்டும். டயர்களை மட்டும் இன்றைக்கே எடுத்துத் தனிக் கவரில் போட்டு வையுங்கள். பழைய கிட்களின் மெத்தென்ற வினைல் டயர்கள் கண்ணாடிப் பாகங்களோடு ஒரே பையில் கிடந்தால் அவற்றை மெல்ல உருக்கித் தடம் பதித்துவிடும். முன்கண்ணாடிக்கு மாற்று வைத்திருக்கிறீர்கள், ஹெட்லைட்டுக்குச் சட்டைப் பெட்டி உதவாது.