நியூயார்க் நகரப் பொதுக் கல்லூரியில் வெளிநாட்டு மாணவராகப் படித்தால் செலவு குறையுமா?

குறையும். ஆனால், நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. சிட்டி கல்லூரி, ஹன்டர், பரூக் போன்றவை எல்லாம் 'கியூனி' என்ற நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள். 1847-இல் தொடங்கிய சிட்டி கல்லூரியில் 1976 வரை உள்ளூர் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. அந்தக் கதையைக் கேட்டு மயங்க வேண்டாம். விளம்பரங்களில் தெரியும் மலிவான தொகை மாநிலவாசிகளுக்கானது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவருக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. பாடங்களின் அளவைக் குறிக்கும் 'கிரெடிட்' ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகவே கட்டுவார்.

பலர் கோட்டைவிடுவது பாடப்பதிவில்தான். இளநிலை மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் 12 கிரெடிட்டாவது எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் இணையவழிப் பாடம் 3 கிரெடிட் வரைதான் சேரும். பொதுக் கல்லூரியில் இடங்களோ சட்டென்று நிரம்பிவிடும். பதிவு திறக்கும் நாளிலேயே உட்கார்ந்துவிடுங்கள். பாடம் கடினமாக இருக்கிறதே என்று பாதியில் கைவிட நினைத்தால், முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். அனுமதியின்றி 12-க்குக் கீழே இறங்கினால் விசா தகுதியே போய்விடும்.

பருவ நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அதை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று: பெரும்பாலான மாணவர்கள் சப்வே என்ற நகர ரயிலில் வந்து, படித்துவிட்டு, வேலைக்கு ஓடுபவர்கள். விடுதி வாழ்க்கையை எதிர்பார்த்து வந்தால் முதல் பருவம் சற்றுத் தனிமையாக இருக்கும்.