அரக்குப் பூச்சி வண்டா, எறும்பா? எந்த வகையில் சேரும்?

இரண்டும் இல்லை. கெரியா லாக்கா என்ற அறிவியல் பெயர் கொண்ட அரக்குப் பூச்சி, குத்தி உறிஞ்சும் வாயுள்ள பூச்சிகளின் ஹெமிப்டெரா வரிசையில் கெர்ரியிடே குடும்பத்தைச் சேர்ந்த செதிள் பூச்சி. பப்பாளி, செம்பருத்தியில் வெள்ளையாக அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம்.

இதை 1782-இல் விவரித்தவர் ஜேம்ஸ் கெர். அவர் வைத்த பெயர் கோக்கஸ் லாக்கா. பேரினம் பின்னால் மாறியதால்தான் இன்று அறிவியல் பெயரை அடுத்து அவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள்.

இதன் உருவம்தான் விசித்திரம். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், செக்கச்செவேல் என்றிருக்கும். இளங்குச்சியில் ஊர்ந்து போய் வாயூசியைக் குத்தி உட்கார்ந்ததும், சுற்றிலும் பிசினைச் சுரந்து தன்னையே மூடிக்கொள்ளும். அந்தப் பிசின்தான் அரக்கு. பெண் பூச்சி அப்புறம் அங்கிருந்து நகராது. கால், கண் எல்லாம் போய்ச் சின்னப் பை மாதிரி ஆகிவிடும். அதன் பிசின் கூட்டில் மூன்று துளைகள் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவற்றில் வெள்ளை மெழுகு இழைகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஆணின் கூடு செருப்பு வடிவம். வளர்ந்த ஆணுக்கு வாயே கிடையாது. இணைசேர்ந்து சில நாளில் செத்துப்போகும்.

புரசு, இலந்தை, பூவம் ஆகியவை முக்கியமான உணவு மரங்கள். ஜார்க்கண்டில் இந்தப் பூச்சியை ரங்கீனி, குஸ்மி என்று இரண்டாகப் பிரித்து வளர்க்கிறார்கள். அவை தனித்தனி இனங்கள் அல்ல, ஒரே இனத்தின் இரு ரகங்கள். குஸ்மி அரக்குக்குத்தான் மவுசு அதிகம். நிறம் வெளிறி, தரமாக இருக்கும்.