முற்றத்தில் முளைத்தது செஸ்ட்நட்தானா?

கேள்வி: வீட்டு முற்றத்தில் தானாக முளைத்த கன்று இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. இலைகள் நீளம், ஓரம் ரம்பம்போல் இருக்கிறது. உண்ணும் கொட்டை தரும் செஸ்ட்நட் மரம் என்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது? காயைச் சாப்பிடலாமா?

பதில்: முதலில் இலைக்காம்பைப் பாருங்கள். ஒரே காம்பின் நுனியில் 5 அல்லது 7 சிற்றிலைகள் விரித்த கைபோல் நின்றால் அது குதிரை செஸ்ட்நட். பெயரில் மட்டும்தான் உறவு, குடும்பம் வேறு. அதன் விதை நஞ்சு, வறுத்தாலும் தின்னக் கூடாது.

காம்புக்கு ஒரே இலை, இலைகள் கிளையில் மாறி மாறி அமைந்திருக்கின்றன, ஒவ்வொரு பக்க நரம்பும் நேராக ஓடி ஒரு பல்லில் முடிகிறது என்றால் செஸ்ட்நட்டாக இருக்கலாம். ரம்பப்பல் ஓக் என்ற வேறொரு மரத்தின் இலையும் அச்சு அசல் இப்படியே இருப்பதால், பலரும் ஏமாறுவது இங்கேதான். கிளை நுனியைக் கவனியுங்கள்: ஓக்கில் மொட்டுகள் கொத்தாக நெருங்கியிருக்கும், செஸ்ட்நட்டில் அப்படி இராது.

அடுத்தது எந்த இனம் என்பது. வெயில் படும் கிளையிலிருந்து முற்றிய இலையைப் பறித்து, அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளிர்நிறப் பூனைமயிர் அடர்ந்து, இளங்கிளையிலும் மயிர் தென்பட்டால் பெரும்பாலும் சீன செஸ்ட்நட். அடிப்பக்கம் வழுவழுப்பாக, பற்கள் கொக்கிபோல் வளைந்து, கிளை மயிரின்றிச் செம்பழுப்பாக இருந்தால் அமெரிக்க செஸ்ட்நட்டுக்கு வாய்ப்பு அதிகம். நிழலில் வளர்ந்த இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சீன இனத்திலும் அங்கே மயிர் குறைந்துவிடும். கலப்பினங்களும் ஏராளம் என்பதால் ஒற்றை அடையாளத்தை நம்பாமல் இலை, கிளை, மொட்டு மூன்றையும் சேர்த்தே பாருங்கள்.

அமெரிக்க இனமாக இருந்தால் பட்டையை அடிக்கடி சோதியுங்கள். 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட கருகல் நோய்ப் பூஞ்சை அந்த இனத்தின் காடுகளையே அழித்துவிட்டது. பட்டை வெடித்து, ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றுவதே அறிகுறி. வேர் பிழைத்துக்கொள்ளும், அதிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

காய்த்த பிறகு குழப்பமே இல்லை. உண்ணும் செஸ்ட்நட்டின் கூடு, கைவைக்க முடியாதபடி மெல்லிய ஊசிமுட்கள் நெருங்கியது. உள்ளே இருக்கும் கொட்டையின் நுனியில் சிறு குஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை செஸ்ட்நட் கூட்டில் முட்கள் தடித்தவை, ஆங்காங்கே மட்டும் இருக்கும். விதை உருண்டை, குஞ்சம் கிடையாது. குஞ்சமில்லாத விதையை வாயில் வைக்காதீர்கள்.

ஒற்றை மரம் தன் மகரந்தத்தால் கொட்டை பிடிப்பது அரிது. கூடு நிறைய விழுந்தும் உள்ளே தட்டையான பதர்தான் என்றால் காரணம் அதுவே. அருகில் இன்னொரு செஸ்ட்நட் கன்றை நடுங்கள்.