பாதாளச் சாக்கடை இணைப்பு: மொத்தமாகப் பேசலாமா?

கேள்வி: மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டுக் கழிவுநீர் இதுவரை செப்டிக் டேங்கிற்குப் போனது. இப்போது தெருவில் பாதாளச் சாக்கடை வந்துள்ளது. சமையலறை, குளியலறை, கழிப்பறைக் குழாய்களோடு மாடி மழைநீரையும் சேர்த்துப் பழைய தொட்டி வழியாகவே இணைத்துவிடலாம் என்றும், பொருளும் கூலியுமாக மொத்தத் தொகை தந்தால் போதும் என்றும் பிளம்பர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். மொத்தமாகப் பேசிய வேலையில் முதலில் மெலிவது குழாயின் சுவர்தான். 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) குழாயில் மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உரிய 'டைப் ஏ' சுமார் 2.2 மி.மீ. தடிமனும், கழிவுக்கு உரிய 'டைப் பி' சுமார் 3.2 மி.மீ. தடிமனும் கொண்டவை, தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தர எண்ணும் வகையும் குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், கடைக்கு நீங்களே சென்று படித்துப் பார்த்து வாங்கி, பில்லை உங்கள் பெயரில் பெறுங்கள்.

பழைய தொட்டி இனி நடுவில் இருக்கக் கூடாது. அதைக் கழிவுநீர் லாரி கொண்டு உறிஞ்சி எடுத்து, மணல் கொட்டி மூடிவிடுங்கள். ஆளை உள்ளே இறக்குவது, மனிதர் கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிப்பறைக் குழாய் நேராகச் சேம்பருக்கு (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட சிறு தொட்டி) செல்லட்டும். சமையலறை, குளியலறைத் தண்ணீர் மட்டும் கல்லி டிராப் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுள்ள பொறி) வழியாக வர வேண்டும். அதன் வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் கரப்பான் பூச்சியும் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. (கோடையில் பல நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் அந்தத் தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு வாளி ஊற்றினால் போதும்.) மாடி மழைநீரைச் சாக்கடையில் விட்டால், ஐப்பசி மழையில் தெரு மேன்ஹோல் பொங்கி உங்கள் வாசலுக்கே வரும். அதை மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

நான்கு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் வேண்டும் என்பதை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். தெருக் குழாயில் சேர்ப்பது மாநகராட்சி அனுமதியுடன்தான் நடக்க வேண்டும்.

கூலியைத் தனியாக எழுதி வாங்குங்கள். வேலையில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அந்த அலைச்சலுக்கு முன், பள்ளத்தை மூடாமல் வைத்து, சமையலறை, குளியலறை, கழிப்பறை ஒவ்வொன்றிலும் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றி, அது தேங்காமல் சேம்பரில் வந்து விழுவதையும் மூட்டுகள் கசியாததையும் கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.