அமெரிக்காவில் கறுப்பின ஓட்டுநர்களைப் போலீஸ் அதிகம் நிறுத்துகிறதே, சட்டம் தடுக்காதா?

பெரிதாகத் தடுப்பதில்லை. பின்விளக்கு ஒன்று எரியவில்லை, இண்டிகேட்டர் போடவில்லை என்று எந்த வண்டியிலும் ஒரு குறை கிடைக்கும். யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பது போலீஸ்காரர் விருப்பம். உள்நோக்கம் வேறாக இருந்தாலும் விதிமீறல் நடந்திருந்தால் போதும் என்று 1996-இல் ரென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனப்பாகுபாடு என்று தனியாக வழக்குப் போடலாம். ஆனால் அந்தப் போலீஸ்காரர் மனதில் இருந்ததை எப்படி நிரூபிப்பது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போலீஸ் வண்டியை நிறுத்திய சுமார் 10 கோடி சம்பவங்களை அலசினார்கள். மாலை ஏழு மணி கோடையில் வெளிச்சம், குளிர்காலத்தில் இருட்டு. அதே ஏழு மணிக்கு, முகம் தெரியாத இருட்டில், நிறுத்தப்படுவோரில் கறுப்பினத்தவர் பங்கு குறைகிறது. எனக்கு இந்தச் சாட்சியே போதும்.

2021-இல் பிலடெல்ஃபியா நகரம், ஒரு விளக்கு எரியாதது போன்ற சில்லறைக் காரணங்களுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று சட்டம் போட்டது.